இலை கொட்டி முடிய முதல்

ஸ்காபரோ,
ஒக்டோபர் 6

எங்கள் கொண்டோவின் நிர்வாக சபையில் இருக்கும் ஐந்து பேருக்கும் வணக்கம்.

இந்தக் கடிதத்தின் ஆங்கிலப் பிரதியை வெள்ளிக்கிழமையே கீழே ஒஃபீஸில் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். தமிழில் எழுதுவதற்கு இரண்டு காரணம். உங்களில் இரண்டு பேர் எங்கள் தம்பிமார். அவர்களோடு மனம் விட்டுக் கதைக்க எனக்கு இந்த மொழிதான் வரும். மற்றது, இந்த மனக்குறை என்னுடையது மட்டும் இல்லை. மாடி மாடியாக இதைச் சொல்லிக் குமைகிறவர்களில் பாதிப் பேருக்கு ஆங்கிலக் கடிதம் வாசிக்கத் தெரியாது. தங்களுக்காக என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களும் அறிய வேண்டும்.

செப்டெம்பர் கடைசிக் கிழமை லிஃப்டுக்குள் ஒரு அறிவித்தல் ஒட்டினீர்கள். நாலே நாலு வரி. பின்முற்றத்து வாங்குகள் ஒக்டோபர் முதலாம் திகதி உள்ளே எடுக்கப்படும். இலையுதிர்கால பஸ் பயணம் இந்த வருடம் இல்லை. பார்ட்டி ரூமை இனிமேல் வாடகையும் முற்பணமும் கட்டித்தான் எடுக்கலாம். வளவுக்குள் குவித்திருக்கும் இலைகளில் பிள்ளைகள் விளையாடக் கூடாது. நான் பதினோராம் மாடியில் ஏறி அதை வாசித்துக்கொண்டு நிற்க, ஒன்பதாம் மாடியில் அக்கா வோக்கரோடு ஏறினா. கண்ணாடி கொண்டுவரவில்லை, என்ன போட்டிருக்கு என்று கேட்டா. சொன்னேன்.

"அப்ப இனிச் சித்திரை மட்டும் உள்ளுக்கைதானோ?" என்றா.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. உங்களிடம் இருக்கிறதா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

தனிவீட்டில் இருப்பவருக்கு முன்னுக்குக் கொஞ்சம் புல், பின்னுக்கு ஒரு வளவு இருக்கும். கதவைத் திறந்தால் கால் மண்ணில் படும். எங்களுக்குக் கதவைத் திறந்தால் கம்பளம் விரித்த ஒரு நடை, அதன் முடிவில் லிஃப்ட். வெளியில் இருப்பதற்கென்று நாங்கள் தனியாக வெளிக்கிட வேண்டும். அப்படி வெளிக்கிட இந்த ஊர் எங்களுக்கு எத்தனை நாள் தருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆடி மாதப் புழுக்கத்தில் எழுபது வயதுக்காரர் வெளியில் இருக்க முடியாது. டிசம்பரிலிருந்து நடைபாதையில் ஐஸ். ஒருதரம் வழுக்கினால் இடுப்பு போய்விடும். எங்கள் கட்டடத்திலேயே அப்படி விழுந்து எழும்பாதவர்கள் இருக்கிறார்கள். ஏப்ரல் முழுக்கக் குளிரும் சேறும். ஒரு சுவெற்றரைப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்காமல், முழங்கால் விறைக்காமல் இரண்டு மணித்தியாலம் வெளியில் இருக்கக்கூடிய காலம், கோடைக்குப் பிறகு, செப்டெம்பர் நடுவில் தொடங்கி நவம்பர் தொடக்கத்தோடு முடிகிறது. நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் பின்னேரம் ஐந்து மணியோடு இருள். ஆறு ஏழு கிழமைதான் கணக்கு. அதில் மூன்றாவது கிழமையில் வந்து வாங்கை எடுத்துவிட்டீர்கள்.

அந்த வாங்குகள் மூன்றும் எங்கே இருந்தன என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் வேலைக்குப் போகிறவர்கள். பின்பக்க மேப்பிள் மரத்துக்குக் கீழே ஒன்று, குப்பை வாசலுக்குக் கிட்ட ஒன்று, வேலியோரம் ஒன்று. பின்னேரம் இரண்டு மணிக்கு வெயில் கட்டடத்தைச் சுற்றி அந்தப் பக்கம் வரும். நாலு மணி வரை நிற்கும். அந்த இரண்டு மணித்தியாலமும் மேப்பிளுக்குக் கீழே ஒன்பதாம் மாடி அக்காவும், ஐந்தாம் மாடிக் குஜராத்தி அம்மாவும், ஜமேக்காவிலிருந்து வந்த ஒரு முதிய அம்மாவும் இருப்பார்கள். மூவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஒருவர் உரித்த தோடம்பழத்தை மூவரும் தின்பார்கள். நான் ஏழு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். போன புதன்கிழமை இறங்கிப் போனபோது, வாங்கு இருந்த இடத்தில் புல் வெளிறி நீளமாக ஒரு தழும்பு கிடந்தது. ஜமேக்கா அம்மா தன் வோக்கரின் இருக்கையை விரித்து அதில் இருந்தா. மற்ற இருவரும் நின்றார்கள். பத்து நிமிடத்தில் எல்லோரும் மேலே போய்விட்டார்கள்.

பனியில் மரப்பலகை பழுதாகிவிடும் என்று ஒஃபீஸில் சொன்னார்கள். ரொறன்ரோவில் நிலத்தில் நிற்கிற பனி நவம்பர் பாதிக்கு முதல் விழுவது அருமை. போன வருடம் வரை வாங்குகளை நவம்பர் மூன்றாம் கிழமைதான் எடுத்தார்கள். பலகை உக்கவில்லை.

இலைக் குவியலைப் பற்றி. சனிக்கிழமை காலை புல்வெட்ட வருகிறவர்கள் இலையை ஊதி மூன்று குவியல் ஆக்கிவிட்டு ஒரு இடைவேளை எடுத்தார்கள். எங்கிருந்துதான் பிள்ளைகள் வந்தார்களோ, ஏழெட்டுப் பேர் இறங்கிவிட்டார்கள். குதிப்பதும் புரள்வதும் அள்ளி எறிவதும். நான் ஓரமாக நின்றேன். இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை ஓடிவந்து ஒரு மேப்பிள் இலையை நீட்டி, "அம்மம்மா, இதிலை ஏன் இன்னொரு இலை கீறிக் கிடக்கு?" என்று கேட்டாள்.

யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். அப்படியொரு இலையைக் கையில் வைத்துப் படிப்பிக்க எனக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை. எங்கள் ஊரில் இலையுதிர்வு என்றால் மாசி பங்குனியில் வேம்பு கொட்டுவது. மஞ்சளாகும், விழும், கூட்டி ஒதுக்குவோம். சிவப்பு அங்கே பழுத்த கொட்டை வாதுமை இலையில்தான். பிள்ளை நீட்டிய இலை இரத்தச் சிவப்பு. அதன் நடுவில் மஞ்சளாக இன்னொரு இலையின் உருவம், ஒரு பக்கத்து நுனியும் காம்பும் உட்பட, அச்சுக் குத்தியது போலத் தெரிந்தது.

நான் சொன்னேன்: பகல் குறுகி இரவு குளிரத் தொடங்க, மரம் பச்சையம் செய்வதை நிறுத்துகிறது. இருக்கிற பச்சையம் சிதைந்து போகிறது. மஞ்சள் கோடை முழுக்க இலைக்குள்ளேதான் இருந்தது, பச்சை மறைத்து வைத்திருந்தது. சிவப்பு அப்படி இல்லை, அது இப்போது புதிதாகச் செய்யப்படுகிறது. காம்படியில் தக்கை போல ஒரு படை வந்து குழாய்களை அடைக்க, இலையில் செய்த சீனி வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது. அந்தச் சீனியும் வெயிலும் சேர்ந்துதான் சிவப்புச் சாயம். பகல் நல்ல வெயிலும் இரவு உறையாத குளிருமாக இருந்தால் சிவப்பு நன்றாகப் பிடிக்கும். இந்த இலைக்கு மேலே இன்னொரு இலை நெருங்கி நின்றிருக்கிறது. அதன் நிழல் விழுந்த இடத்துக்கு வெயில் கிடைக்கவில்லை. அதனால் அங்கே சிவப்பு வரவில்லை, மஞ்சள் அப்படியே நிற்கிறது.

பிள்ளை இலையை வெயிலுக்கு நேரே பிடித்தாள். பிறகு தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்து எடுத்துப் பார்த்தாள். அவள் கையின் நிழலும் விழுமா என்று பார்த்தாள் போல. அதற்குள் செக்கியூரிட்டி வந்து எல்லோரையும் உள்ளே போகச் சொன்னார். அவர் பாவம், உங்கள் அறிவித்தலைத்தான் கையில் வைத்திருந்தார். பிள்ளைகள் போனார்கள். இலைகளைக் கடதாசிப் பைகளில் அடைத்து வீதியோரம் வைத்தார்கள்.

இலைக்குள் கண்ணாடித் துண்டு கிடந்தால் யார் பொறுப்பு என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு குவியலைத் துப்புரவான புல்லில், வேலியோரமாக விட்டுவைக்கலாம். பெற்றோர் பக்கத்தில் நிற்கட்டும் என்று எழுதிப் போடலாம். தடைசெய்வதைத் தவிர வேறு எதையும் நீங்கள் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இனி பஸ் பயணம். இதில்தான் எனக்குக் கோபம்.

அதை 2011இல் தொடங்கியவர் மூன்றாம் மாடியில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற மனிதர். அவர் இப்போது இல்லை. தாங்ஸ்கிவிங் ஒக்டோபர் இரண்டாவது திங்கள் வருகிறதல்லவா, அதற்கு முந்தின ஒரு கிழமை நாளில், கூட்டம் குறைவாக இருக்கும் என்று, அல்கோன்குயின் பூங்காவுக்குப் போவோம். விடிய ஆறு மணி, இருட்டு. ரோல்ஸ், சமோசா, ஜமேக்கன் பற்றீஸ், பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி. நானூறில் ஏறி, பதினொன்றைப் பிடித்து, ஹன்ட்ஸ்வில்லில் ஒருக்கால் இறங்கிக் கால் நீட்டி, அறுபதாம் இலக்க நெடுஞ்சாலையில் பூங்காவுக்குள் போவோம். 1893இல் ஒதுக்கிய காடு அது. அந்தத் தெரு மட்டுமே 56 கிலோமீற்றர் அதற்கூடாக ஓடுகிறது. ஒரு வளைவில் பஸ் திரும்பும்போது, அதுவரை சத்தம் போட்டுக்கொண்டு வந்த நாற்பது பேரும் ஒரேயடியாக வாய் மூடுவதை நான் எட்டு முறை கேட்டிருக்கிறேன். மலைச்சரிவு முழுக்கச் சீனி மேப்பிள். சிவப்பு, செம்மஞ்சள், அதற்கு நடுவில் கரும்பச்சையாக ஊசியிலை மரங்கள். கீழே ஏரி, அதற்குள் அத்தனையும் தலைகீழாக.

ஒன்பதாம் மாடி அக்கா முதன்முதலில் வந்தது 2016இல். கனடாவுக்கு வந்து அப்போது பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் அவ கண்ட கனடா மார்க்கம் ரோட்டும், ஆஸ்பத்திரியும், கோயிலும், மகளின் வீட்டுச் சமையலறையும்தான். திரும்பி வரும்போது என் பக்கத்தில் இருந்து, "நான் வந்து சேர்ந்தது இந்த நாட்டுக்குத்தானோ" என்று கேட்டா. நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. அவவும் பகிடியாகச் சொல்லவில்லை.

அடுத்தது, நீங்கள் மறந்துவிட்ட ஒரு விஷயம். 2013 டிசம்பரில் வந்த ஐஸ் புயல். ரொறன்ரோவில் மூன்று இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. எங்கள் கட்டடமும் இருட்டு. லிஃப்ட் இல்லை, ஹீற்றர் இல்லை, நத்தார் கிழமை. அப்போது காஸ் அடுப்பு வைத்திருந்த ஒருவர் கீழே சுடுதண்ணி வைக்க, படியேறிப் படியேறி மேல்மாடிகளுக்குக் கொண்டுபோனவர்கள் யார்? எந்தக் கதவுக்குப் பின்னால் தனியாக ஒரு கிழவர் இருக்கிறார், யாருக்கு ஒட்சிசன் மெஷின், யாருக்குக் காது கேளாது என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? அந்த ஒக்டோபரில் ஒரே பஸ்ஸில் போய் வந்ததால் தெரிந்தது. பதினாலாம் மாடிப் பிலிப்பீன்ஸ்காரப் பொடியன், பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்து வந்தவன், என் கதவைத் தட்டி, "ரீச்சர், ஆர் யூ ஓகே?" என்று கேட்டது இன்னும் என் காதில் நிற்கிறது. பயணத்தைப் பொழுதுபோக்குச் செலவு என்று கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். எழுதுங்கள். ஆனால் அதிலிருந்து எங்களுக்கு வந்தது என்ன என்று அந்தக் கணக்கில் இல்லை.

நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். இன்சூரன்ஸ் என்றீர்கள். பஸ்ஸை ஓட்டுவது நாங்கள் இல்லை. உரிமம் உள்ள ஒரு பஸ் கொம்பனி, தன் இன்சூரன்ஸோடு, தன் சாரதியோடு வருகிறது. ஆட்கள் குறைவு என்றீர்கள். போன வருடம் பஸ்ஸில் இடமில்லாமல் ஆறு பேரைத் திருப்பினோம். காசு என்றீர்கள். ரிக்கற்றில் பாதியை நாங்கள் எங்கள் கையால் கொடுக்கிறோம், மற்றப் பாதியும் எங்கள் மாதாந்தப் பராமரிப்புக் காசிலிருந்து வருவதுதானே. லொபிச் சுவருக்குப் புதுப் பளிங்கு பதிக்க எங்களிடம் அபிப்பிராயம் கேட்டீர்களா?

கடைசியாக ஒன்று சொன்னீர்கள்: விரும்பியவர்கள் தங்கள் தங்கள் பிள்ளைகளோடு காரில் போகலாமே. அது என்னை நோகப்பண்ணியது. எங்கள் பிள்ளைகள் சனி ஞாயிறும் வேலை செய்கிறார்கள். ஒருவர் இரவு ஷிஃப்ட், மற்றவர் பகல் ஷிஃப்ட். அல்கோன்குயினுக்குக் காரில் போக, முன்கூட்டியே இணையத்தில் அனுமதி எடுத்துவைக்க வேண்டும். நிறம் உச்சத்தில் இருக்கும் சனி ஞாயிறுகளில் அது கெதியில் முடிந்துவிடும். போக மூன்று மணித்தியாலம், வர மூன்று மணித்தியாலம். வேலையால் களைத்து வந்து சோபாவில் நித்திரையாகும் பிள்ளையிடம், என்னைக் கூட்டிக்கொண்டு போய் இலை காட்டு என்று எந்தத் தாய் கேட்பாள்? கேட்க மாட்டோம். அதனால்தான் பஸ்.

பார்ட்டி ரூம் பற்றி அதிகம் எழுதவில்லை. புதன்கிழமை கெரம் விளையாட்டை நிறுத்திவிட்டோம். வாடகை கட்டிக் கெரம் அடிக்க யாருக்கும் மனம் இல்லை. விஜயதசமிக்கு நாலு குழந்தைகளுக்கு ஏடு தொடக்க வேண்டியிருந்தது. வருடாவருடம் அங்கேதான் செய்வோம், தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் இல்லை, பார்க்க எல்லா வீட்டுக் குழந்தைகளும் வரும். இந்த முறை என் வீட்டு வரவேற்பறையில், தளபாடத்தைச் சுவரோடு தள்ளிவிட்டு, ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டு அரிசியில் எழுதுவித்தேன். அரை மணித்தியாலத்தில் முடிந்தது.

குறை மட்டும் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு விருப்பம் இல்லை. அதனால் போன வியாழக்கிழமை நாங்கள் நாலு பேர் ஒரு காரியம் செய்தோம். மோர்னிங்சைட் பஸ்ஸைப் பிடித்து மோர்னிங்சைட் பூங்காவுக்குப் போனோம். ஹைலன்ட் கிறீக் ஆறு அதற்கூடாக ஓடுகிறது. செப்டெம்பர், ஒக்டோபரில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சால்மன் மீன்கள் முட்டையிட அந்த ஆற்றில் ஏறி வரும். இந்த ஏரிக்கென்றே இருந்த அத்திலாந்திக் சால்மன் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிய முதலே அழிந்துபோனது. சினூக் பசிபிக் பக்கத்து மீன், 1960களின் கடைசியில் கொண்டுவந்து விட்டார்கள்.

பாதை தார் போட்டது, வோக்கர் நன்றாக ஓடியது. ஒரு வளைவில் தண்ணி கணுக்காலுக்கு மேல் இல்லை. அதற்குள் முழங்கையிலிருந்து விரல் நுனி மட்டும் நீளத்துக்கு மேலான மீன்கள். முதுகு தண்ணிக்கு வெளியே தெரிந்தது, கறுத்து, காயம்பட்டு. ஒரு பெட்டை மீன் பக்கவாட்டில் சரிந்து வாலால் கல்லை அடித்தது. அடிக்க அடிக்கக் கல் விலகிக் குழி விழுந்தது. அதன் வால்செட்டை தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. பத்தடிக்குக் கீழே ஒன்று செத்து ஒதுங்கிக் கிடந்தது. ஆற்றுக்குள் வந்தபின் இவை தின்பதில்லை, முட்டையிட்டதும் செத்துவிடும் என்று நான் சொன்னேன்.

எங்களோடு வந்த ஒன்பதாம் மாடி அக்கா மயிலிட்டி ஆள். தகப்பன், தமையன், புருஷன் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். 1990இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டவ. மீனைப் பற்றி அவவுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தா.

"பிறந்த தண்ணிக்கே திரும்பி வருதாமோ?"

"ஓம் அக்கா. வாசம் பிடிச்சு வருதெண்டு சொல்லுறாங்கள்."

பிறகு அவ கதைக்கவில்லை. குளிருது, போவமோ என்று நாங்கள் கேட்டபோது, இன்னும் கொஞ்சம் நிப்பம் என்றா. நாற்பது நிமிடம் நின்றோம். போக வர, பஸ் கார்ட்டில் ஒரே ஒரு கட்டணம்தான் வெட்டியது, இரண்டு மணித்தியாலத்துக்குள் திரும்பி ஏறிவிட்டதால். இவ்வளவு சின்னச் செலவில் இவ்வளவு பெரிய நாள்.

ஆகவே கேட்பது இதுதான். வாங்குகளை இந்தக் கிழமையே திரும்பக் கொண்டுவந்து போடுங்கள், நவம்பர் மூன்றாம் கிழமை எடுக்கலாம். இலையில் ஒரு குவியலை விட்டுவையுங்கள். புதன் பின்னேரமும் பண்டிகை நாட்களும் பார்ட்டி ரூம் வாடகை இல்லாமல் திறந்திருக்க வேண்டும். பயணம்: அல்கோன்குயினில் இந்த வருடச் சிவப்பு முடிகிற கட்டம், அதைக் கேட்கவில்லை. ஆனால் ரொறன்ரோவில் நிறம் இனித்தான் வரும், ஒக்டோபர் நடுவிலிருந்து கடைசி வரை. ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா எங்கள் வாசலில்தான் இருக்கிறது, 79 சதுர கிலோமீற்றர், நுழைவுக் கட்டணம் கிடையாது. அரை நாளுக்கு ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ் பிடித்தால் போதும். பெயர் எழுதி, காசு சேர்த்து, சாப்பாடு கட்டுவது எங்கள் வேலை. ஒப்பமிட்டுத் தருவது மட்டும் உங்கள் வேலை.

1998ஆம் ஆண்டுக் கொண்டோ சட்டப்படி 15 வீத வீடுகளின் சொந்தக்காரர் கையெழுத்திட்டால் கூட்டம் கூட்டும்படி உங்களைக் கேட்கலாம் என்பது எங்களுக்குத் தெரியும். கையெழுத்துகள் இப்போதே அதற்கு மேல் இருக்கின்றன, தாள் என் மேசையில் கிடக்கிறது. அதை நீட்ட எனக்கு விருப்பம் இல்லை. தம்பிமார் இருவருக்கும் அவர்கள் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து என்னைத் தெரியும். சட்டம் காட்டி அவர்களிடம் ஒரு வாங்கு கேட்க வேண்டி வந்தால் எனக்கு அது பெரிய கவலை.

வருகிற வியாழன் காலை பத்தரைக்குத் திரும்பவும் ஆற்றுக்குப் போகிறோம். இந்த முறை குஜராத்தி அம்மாவும் ஜமேக்கா அம்மாவும் வருகிறார்கள், ஏழு பேர். பத்து மணிக்கு லொபியில் நிற்போம். சால்மன் இன்னும் ஒன்றிரண்டு கிழமைதான் ஏறும். உங்களில் யாருக்காவது அன்று லீவு என்றால் வாருங்கள். இரண்டு வோக்கரையும் பஸ்ஸுக்குள் ஏற்றி இறக்க ஒரு இளம் ஆள் வேண்டும்.

இப்படிக்கு,
பதினோராம் மாடி ரீச்சர்